ஹீட்டர் போட்டு நிம்மதியா தூங்கினோம், காலைல குழாய் செத்துப்போச்சு

அமெரிக்கால, அரிசோனா பாலைவனத்துல இருக்கிற பீனிக்ஸ்ல குடியிருக்கிறவனுக்கு தண்ணி உறையும்ங்கறதே மறந்துபோயிடும். இங்க ஜூலை மாசம் பச்சத்தண்ணி குழாயைத் திறந்தா வெந்நி வரும், பாப்பா கை கழுவறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஓட விடணும், அப்படி ஒரு ஊரு. அந்த ஊர்ல உக்காந்துகிட்டு நான் ஒரு செகண்ட் ஹேண்டு ட்ரெய்லர் வாங்கினேன், 24 அடி, உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஷவர் எல்லாம் இருக்கிற வகை. சைடுல நாலு சீசனுக்கும் ஏத்ததுன்னு பெருசா ஒரு ஸ்டிக்கர் வேற. வித்தவர் அந்த ஸ்டிக்கரைத் தட்டிக்காட்டி "பனில கூட போலாம்"னார், நானும் நம்பிட்டேன். அந்த வார்த்தைக்கு பொதுவான அளவுகோல்னு ஒண்ணுமே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவனவன் இஷ்டத்துக்கு அர்த்தம் வெச்சிருக்கான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

கொரோனா எல்லாம் ஓஞ்சு அப்பா அம்மா இங்க வந்த முதல் டிசம்பர். அப்பா குடிநீர் வடிகால் வாரியத்துல ஃபிட்டரா சேர்ந்து 31 வருஷம் பைப்போடயே குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவரு. கரூர் பக்கம் பாதி ஊருக்கு எந்த வால்வு எங்க இருக்குன்னு இப்பவும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டா சொல்வாரு. அவங்களுக்கு கிராண்ட் கேன்யன் காட்டணும்னு ட்ரெய்லரை இழுத்துகிட்டு கிளம்பினோம். மேப்ல பாத்தா 230 மைல், நாலு மணி நேரம்தான், ஆனா பீனிக்ஸ் இருக்கிறது 1,100 அடில, வழில இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் ஊரும், கேன்யனோட தெற்கு விளிம்பான சவுத் ரிம்மும் 7,000 அடில. ஒரே ஸ்டேட், ஒரே மத்தியானம், ஏசி கார்ல கிளம்பி ஸ்வெட்டர்ல இறங்கினோம். அம்மா மங்கி குல்லாவோட இறங்கினாங்க, அந்த கேம்ப்கிரவுண்ட்லயே சரியான டிரெஸ்ல இருந்தது அவங்க ஒருத்தர்தான்.

ராத்திரி 16 டிகிரின்னு போன்ல காட்டுச்சு. இது ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 9. தண்ணி 32லயே உறைஞ்சிடும். நான் வழக்கம்போல ஹோஸை எடுத்து கேம்ப்கிரவுண்ட் குழாய்ல மாட்டி டைரக்டா லைனைக் குடுத்துட்டேன், கரண்ட்டும் மாட்டிட்டேன். ட்ரெய்லர்ல ப்ரொப்பேன் கேஸ்ல ஓடற ஃபர்னஸ் ஒண்ணு உண்டு, அது ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் விமானம் கிளம்பற மாதிரி சத்தம், பத்து நிமிஷம் ஓடும், நிக்கும், மறுபடி கிளம்பும். அம்மாவுக்கு தூக்கமே வரல. சரின்னு கூட கொண்டுவந்த 1500 வாட் எலக்ட்ரிக் ஹீட்டரை நடு ஹால்ல வெச்சு ஓட விட்டேன். ரூம் கதகதன்னு ஆயிடுச்சு, ரூம் சூட்டைப் பாத்து ஃபர்னஸை ஆன் பண்ற தெர்மோஸ்டாட் 68லதான் இருந்தது ஆனா ரூம் 70 இருக்குறதால அது ராத்திரி பூரா ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகல. சத்தமும் இல்ல, கேஸும் மிச்சம், கரண்ட் வாடகையோட சேர்த்தி. என்ன மூளைடா எனக்குன்னு நெனச்சுகிட்டே தூங்கினேன்.

அஞ்சரைக்கு அம்மா டிகாக்‌ஷன் போட எழுந்து குழாயைத் திறந்திருக்காங்க. புஸ்ஸுனு ஒரு இருமல், ரெண்டு சொட்டு, அவ்ளோதான். "ஏப்பா, இங்கயும் முறை வெச்சுதான் தண்ணி விடுவானா?"

வெளில போய்ப் பாத்தா ஹோஸ் கரும்பு மாதிரி விறைச்சு நிக்குது. ஒரு முனையைத் தூக்கினா இன்னொரு முனையும் சேர்ந்து எழும்புது. குழாய்க்கம்பத்துல ஒரு போர்டு, ராத்திரி ஹோஸைக் கழட்டிடுங்கன்னு தெளிவா எழுதியிருக்கு, முந்தினநாள் சாயந்திரம் அதுக்கு மேலதான் நான் டார்ச்சை மாட்டி வெச்சிருந்தேன். அந்த போர்டுக்கு காரணம் இருக்கு. குளிர் ஊர்ல வெளில நட்டு வெச்சிருக்கிற குழாய்க்கு வால்வு மேல கைப்பிடிகிட்ட இருக்காது, மண்ணு உறையாத ஆழத்துல, கீழ இருக்கும். மூடினதும் மேல கம்பத்துக்குள்ள நிக்கிற தண்ணி அடில ஒரு சின்ன ஓட்டை வழியா மண்ணுக்குள்ள வடிஞ்சிடும், கம்பம் காலியா நிக்கும், உறைய ஒண்ணுமே இருக்காது. நாம ஹோஸை மாட்டி திறந்தே வெச்சிருந்தா கம்பம் பூரா தண்ணி நிக்கும், நம்ம ஹோஸோட சேர்த்து அவங்க குழாயும் காலி. நல்லவேளை அன்னிக்கு கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல.

அப்பா ஸ்வெட்டருக்கு மேல ஷாலைப் போத்திகிட்டு வந்து நின்னாரு. "டேங்க்ல எவ்ளோ தண்ணி இருக்கு?"

"டேங்க்ல இல்லப்பா, டைரக்ட் லைன்ல ஓடிட்டு இருந்துது."

"ஓவர்ஹெட் டேங்கு காலியா கிடக்க டைரக்ட் பம்பிங்க நம்பி எவனாச்சும் ராத்திரி படுப்பானாடா?"

இது நியாயமான கேள்வி. ட்ரெய்லருக்குள்ள 40 கேலன் டேங்க் இருக்கு, 12 வோல்ட் பம்ப் இருக்கு. சாயந்திரம் டேங்கை நிரப்பிட்டு, ஹோஸைக் கழட்டி தண்ணியை வடிச்சு சுருட்டி உள்ள வெச்சிட்டு, பம்ப்ல ஓட்டினா போதும், ராத்திரி குளிருக்கான பாதி வேலை அதுலயே முடிஞ்சுது. பைசா செலவு கிடையாது.

சரி, ஹோஸ் போனா போகட்டும், உள்ள எதுக்கு உறைஞ்சுது? உள்ள 70 டிகிரில நாங்க பனியனோட தூங்கினோமே. இதுதான் எனக்குப் புரியவே ஒரு மணி நேரம் ஆச்சு. பைப்பு நாம இருக்கிற இடத்துல இல்ல. ட்ரெய்லரோட தரைக்குக் கீழ, நம்ம ஊர்ல பேர் போர்டு அடிக்கிற நெளிநெளி ப்ளாஸ்டிக் ஷீட் இருக்கே, அதே மாதிரி ஒண்ணை அடில மூடி, அதுக்கும் தரைக்கும் நடுவுலதான் டேங்க், பைப்பு, கழிவு வால்வு எல்லாம் இருக்கு. வண்டியோட அடிவயிறுன்னு வெச்சுக்கோங்க. அந்த அடிவயிறுக்கு சூடு போற ஒரே வழி ஃபர்னஸோட டக்ட், அதாவது சூடு காத்து போற குழாய், ஃபர்னஸ் ஓடும்போது ரூமுக்கு அடிக்கிற சூடான காத்துல கொஞ்சம் கீழயும் போகும். நான் எலக்ட்ரிக் ஹீட்டரை வெச்சு ரூமை சூடாக்கி தெர்மோஸ்டாட்டை ஏமாத்திட்டேன், அது எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சு ஃபர்னஸை எழுப்பவே இல்ல. மேல நாங்க சூடா, கீழ பைப்பு ராத்திரி பூரா மைனஸ்ல. டேங்கை நிரப்பி, ஃபர்னஸையும் ஓட விட்டிருந்தா அம்மாவுக்கு தூக்கம் போயிருக்கும், காபி கிடைச்சிருக்கும்.

இப்ப எலக்ட்ரிக் ஹீட்டரை நான் தூக்கிப் போடல, வெச்சிருக்கேன், ஆனா அதை ரொம்பக் கம்மில வெச்சு ஃபர்னஸ் மணிக்கு நாலஞ்சு தடவையாவது ஓடற மாதிரி பாத்துக்கிறேன். அடில ஒரு சென்சார் போட்டேன், வயர்லெஸ், உள்ள டிஸ்ப்ளேல அடிவயிறு எத்தனை டிகிரின்னு காட்டும். நான் வாங்கினதுலயே உருப்படியான பொருள் அதுதான். அது 40க்கு கீழ எறங்கினா தெர்மோஸ்டாட்டை ஏத்துவேன். இதுல ஒரு கஷ்டம், எல்லா ட்ரெய்லர்லயும் டக்ட் கீழ போறதில்ல, சிலதுல வெறும் ஷீட்டை மூடி விட்டிருப்பான், அதுக்கு ஃபர்னஸ் எவ்ளோ ஓடினாலும் பெரிய பிரயோஜனம் இல்ல. படுத்துப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். நான் படுத்துப் பாத்தப்ப டக்ட் இருந்துது, கூடவே ஷீட்ல கை நுழையற அளவுக்கு ஒரு கிழிசலும் இருந்துது, ஃபர்னஸ் குடுக்கிற சூடெல்லாம் அது வழியா வெளில. காத்து அடிச்சா தண்ணி இன்னும் சீக்கிரம் உறையும், காத்து அடிக்கறதால டெம்பரேச்சர் ஒண்ணும் குறையாது ஆனா இருக்கிற சூட்டைப் பிடுங்கிட்டுப் போற வேகம் ஜாஸ்தி.

அன்னிக்கு கதைக்கு வரேன். ஃபர்னஸை 75க்கு ஏத்தினோம், ஹீட்டரை அணைச்சோம், சிங்க்குக்கு கீழ இருக்கிற கப்போர்டு கதவு, கட்டிலுக்கு கீழ இருக்கிற பலகை எல்லாத்தையும் திறந்து போட்டோம். நான் ஹேர் ட்ரையரை எடுத்துட்டு சிங்க்குக்கு அடில போனேன். அப்பா தோளைப் பிடிச்சு இழுத்தாரு. "மொதல்ல எல்லா குழாயையும் திறந்து விடு. வாயைத் திறந்து வெச்சுட்டு அப்புறம் சூடு காட்டு." அவரு வேலை பாத்த ஊர்ல ஐஸ்னா சர்பத் கடைலதான், ஆனா பைப்புக்குள்ள அழுத்தம்னா என்னன்னு தெரியும். தண்ணி ஐஸாகும்போது 9 சதவீதம் கிட்ட விரியும். அந்த ஐஸ் கட்டியே பைப்பை உடைக்கிறதுன்னு நாம நெனப்போம், பாதி நேரம் அப்படி இல்ல, ஐஸ் வளர்ந்து தனக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல மாட்டிகிட்ட தண்ணியை நெருக்கும், அதுக்குப் போக இடம் இல்லாம எங்க வீக்கா இருக்கோ அங்க வெடிக்கும். ஐஸ் ஒரு இடத்துல, உடைசல் இன்னொரு இடத்துல. குழாய் திறந்திருந்தா அந்த அழுத்தம் வெளில போயிடும்.

அவரு மூட்டு வலியோட தரைல உக்காந்து, சிங்க் அடில தலையை விட்டு, ட்ரையரை ஒரே இடத்துல காட்டாம பைப்பு நீளத்துக்கு மெதுவா இழுத்துகிட்டே, இன்னொரு கையால பைப்பைத் தொட்டுகிட்டு வந்தாரு. ஜுரம் பாக்கற மாதிரி. பைப்பு வளையற ஒரு எல்போகிட்ட வந்ததும் நிறுத்தி "இங்கதான்"னாரு. அங்க பைப்பு வெளிச்சுவரை ஒட்டிப் போகுது. பத்து நிமிஷத்துல உள்ள ஏதோ கடகடன்னு நகர்ற சத்தம், குழாய்ல காத்து, அப்புறம் ஒரு ஐஸ் துண்டு வந்து சிங்க்ல டங்குனு விழுந்துது. அம்மா கை தட்டினாங்க. அடுப்பு நெருப்பு, ப்ளோ டார்ச் இதெல்லாம் இதுக்கு எடுக்கவே கூடாது, பைப்பு ப்ளாஸ்டிக், சுத்தி பூரா பலகை.

ஹோஸை பாத்ரூம் தொட்டில போட்டு வெச்சு பதினோரு மணிக்கு உருகினப்புறம் டேங்கை நிரப்பினோம். பம்பைப் போட்டோம். இங்க அப்பா ஒரு டெஸ்ட் வெச்சாரு, இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். எல்லா குழாயையும் மூடிட்டு பம்ப் ஆன். லைன்ல அழுத்தம் ஏறினதும் பம்ப் தானா நிக்கும். நின்னப்புறம் சும்மா உக்காந்து கேக்கணும். எந்தக் குழாயையும் தொடாமலே அது மறுபடி ஒரு விநாடி டர்ர்னு ஓடினா எங்கயோ ஒழுகுது. எங்களது ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை டர்ர். அப்பா உடனே எழுந்து வண்டியைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சாரு.

பின்பக்கம் வெளில ஷவர் ஒண்ணு உண்டு, நாய் குளிப்பாட்ட, கால் கழுவ. ஒரு மெல்லிசு ப்ளாஸ்டிக் கதவு, அதுக்குப் பின்னாடி குழாய். அந்தக் கதவோட அடி விளிம்புல தண்ணி சொட்டுது. திறந்தா குழாயோட உடம்பு நீளவாக்குல தலைமுடி மாதிரி விரிசல். ராத்திரியே உடைஞ்சிருக்கு, உறைஞ்ச தண்ணியே கார்க் மாதிரி அடைச்சிருந்ததால தெரியல. வண்டிக்குள்ள ஓடற பெக்ஸ்ங்கற ப்ளாஸ்டிக் பைப்பு ஓரளவு விரிஞ்சு குடுக்கும், சுலபத்துல உடையாது. உடையறது எல்லாம் விரியத் தெரியாத சாமான்தான்: ப்ளாஸ்டிக் எல்போ, பம்போட தலை, கக்கூஸுக்குப் பின்னாடி இருக்கிற வால்வு, இந்த மாதிரி வெளிக்குழாய். ஃப்ளாக்ஸ்டாஃப் 80 மைல், போய் அழுத்தினா மாட்டிக்கிற மாதிரி ரெண்டு கேப் வாங்கிட்டு வந்து அந்த லைனையே அடைச்சிட்டேன். இன்னிக்கு வரை அந்த ஷவரைத் திரும்பப் போடல. நாயும் இல்ல.

அடுத்தநாள் ரிம்ல நின்னு கேன்யனைக் காட்டினா அப்பா ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "இவ்ளோ உயரத்துல இவனுகளுக்கு தண்ணி எங்கேர்ந்துடா வருது?"ங்கறாரு. அது நிஜமாவே சுவாரசியமான கதை. சவுத் ரிம் பூராவுக்கும் தண்ணி வர்றது எதிர்க்கரைல, நார்த் ரிம்முக்குக் கீழ இருக்கிற ரோரிங் ஸ்ப்ரிங்ஸ்ங்கற ஊத்துலேர்ந்து. 1960கள்ல போட்ட ஒரே ஒரு பைப்பு, 12.5 மைல், ஊத்துலேர்ந்து பள்ளத்துல இறங்கி, கொலராடோ ஆத்தை ஒரு தொங்கு பாலத்துல தாண்டி, இந்தப் பக்கம் தன் அழுத்தத்துலயே கொஞ்ச தூரம் ஏறி, மிச்சத்தை பம்ப் வெச்சு ஏத்தறாங்க. வயசாயிடுச்சு, 2010லேர்ந்து பெரிய உடைப்பு மட்டும் 85க்கு மேல. 2024 ஆகஸ்ட் கடைசில வரிசையா உடைஞ்சு, லேபர் டே லீவு நேரத்துல ரிம்ல ஓட்டல்ல ராத்தங்கறதையே நிறுத்திட்டாங்க. அந்தச் செய்தியை நான் அப்பாவுக்கு அனுப்பினேன், "எந்த ஜாயின்ட்?"னு பதில் வந்துது.

அன்னிக்கு அவரு கேட்ட இன்னொரு கேள்வி, இந்தக் குளிர்ல சிலிண்டர்ல கேஸ் உறையாதா. நம்ம ஊர் சிலிண்டர்ல ப்யூட்டேன் கணிசமா இருக்கும், ப்யூட்டேன் செல்சியஸ் கணக்குல பூஜ்யம் டிகிரிகிட்ட வந்தாலே ஆவியாக மறுக்கும், லடாக் பக்கம் சிலிண்டர்மேல வெந்நி ஊத்தறது அதனாலதான். இங்க வர்றது கிட்டத்தட்ட பூரா ப்ரொப்பேன், அது மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். அதனால உறையாது, தீர்ந்துதான் போகும். 20 பவுண்டு சிலிண்டர் ஒண்ணு மணிக்கு 30,000 பி.டி.யு (சூட்டை அளக்கற கணக்கு) எரிக்கிற ஃபர்னஸை விடாம ஓட்டினா 14 மணி நேரம்கிட்டதான். விட்டு விட்டு ஓடறதால ஒண்ணரை ரெண்டு நாள் வரும். தீர்றது எப்பவும் ராத்திரி மூணு மணிக்குத்தான் தீரும், இதுக்கு விஞ்ஞான விளக்கம் என்கிட்ட இல்ல. ரெண்டு சிலிண்டர் போட்டு ஒண்ணு தீர்ந்தா தானா மாறுற ரெகுலேட்டர் வெச்சிருந்தா போர்வைக்குள்ளயே இருக்கலாம்.

இந்த ஃபர்னஸ் விஷயத்துலயே ஒண்ணு சொல்லிடறேன், சிலபேர் கேஸ் அடுப்பை எரியவிட்டு ரூமை சூடு பண்றாங்க. வேணாம். அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே முடிச்சிடும். அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் வேலை செய்யுதான்னு பட்டனை அமுக்கிப் பாத்துட்டுப் படுங்க.

ரெண்டாவது வருஷம் நான் ரொம்ப உஷாராகி வேற தப்பு பண்ணேன். வீட்ல குழாயை லேசா சொட்ட விட்டா உறையாதுன்னு இங்க எல்லாரும் சொல்வாங்க, அதை ட்ரெய்லர்லயும் செஞ்சேன். சொட்டற தண்ணி கழிவு டேங்குக்குத்தானே போகும், அது ரொம்பிடும்னு அந்த வால்வைத் திறந்து வெளி ட்ரெயின் ஹோஸ் வழியா ஓடட்டும்னு விட்டேன். மெல்லிசா நூல் மாதிரி ஓடற தண்ணி அந்தக் குளிர் ஹோஸ்ல போற வழியெல்லாம் ஒட்டி ஒட்டி உறைஞ்சு, காலைல ஹோஸ் பூரா ஒரே ஐஸ். அதை எப்படிக் கழட்டினேன்ங்கறதை சாப்பிடற நேரத்துல படிக்கறவங்களுக்காக விட்டுடறேன். கழிவு வால்வு எப்பவும் மூடியே இருக்கணும், டேங்க் ரொம்பினதும் ஒரே தடவைல மொத்தமா திறந்து விட்டா வேகமா போயிடும், உறைய நேரமே கிடைக்காது.

இன்னும் ஒரு ஜோடி எதிரி இருக்கு, வண்டிக்கு அடில, ஷீட்டுக்கும் வெளில, ரெண்டு குட்டிப் பைப்பு மூடி போட்டு தொங்கும், ஒண்ணு சூடுதண்ணி லைன், ஒண்ணு பச்சத்தண்ணி லைன். சீசன் முடிஞ்சு தண்ணியை வடிக்கறதுக்கு. ஃபர்னஸ் எவ்ளோ ஓடினாலும் அந்த ரெண்டு துண்டும் வெளிக்குளிர்லதான் இருக்கு, முதல்ல உறையறது அங்கதான். பைப்புக்குப் போடற ஃபோம் உறையை மாட்டி டேப் சுத்தி வெச்சிருக்கேன். சூடு போற ஹோஸும் வாங்கியாச்சு, உள்ள ஒரு ஹீட்டிங் வயர் ஓடும், 45 டிகிரிக்கு கீழ வந்தா தானா ஆன் ஆகும். அதைப் பாத்துட்டு வீடியோ கால்ல அப்பா, "குழாய்க்கு ஸ்வெட்டரும் போட்டு கரண்டும் குடுக்கணுமா?"ன்னாரு. ஆனா 30 ஆம்ப் கனெக்‌ஷன்ல மொத்தமே 3,600 வாட்தான், அந்த ஹோஸ், ஹீட்டர், மைக்ரோவேவ் மூணும் ஒண்ணா ஓடினா பிரேக்கர் விழலாம், அது விழுந்தது தெரியாம தூங்கினா சூடு ஹோஸும் சாதா ஹோஸ்தான்.

குளிர்காலத்துல வண்டியை ஓட்டாம நிறுத்தி வெச்சா தண்ணியை வடிச்சிட்டு, உறையாத பிங்க் கலர் திரவமான ஆன்ட்டிஃப்ரீஸ் ஏத்தி வெக்கணும், பீனிக்ஸ்லயே நிறுத்தினா எனக்குத் தேவையில்ல, மலைமேல ஸ்டோரேஜ்ல விடறவங்களுக்குத் தேவை. வாட்டர் ஹீட்டரை பைபாஸ் பண்ணிட்டு ஏத்துங்க, இல்லன்னா ஆறு கேலன் அதுக்குள்ளயே போயிடும். கார்ல ஊத்தற பச்சை திரவம் விஷம், அது குடிதண்ணி லைனுக்குள்ள போகவே கூடாது.

இந்த டிசம்பருக்கு யூட்டா ஸ்டேட்ல இருக்கிற ப்ரைஸ் கேன்யன் போலாம்னு இருக்கோம், அங்க பார்க்குக்குள்ள கேம்ப்கிரவுண்ட்ல வண்டிக்கு கரண்ட் மாட்டற வசதி கிடையாது. சூடு ஹோஸும் எலக்ட்ரிக் ஹீட்டரும் வீட்லயே இருக்கட்டும். டேங்கை இங்கேர்ந்தே நிரப்பிட்டுப் போகணும், 40 கேலன் 330 பவுண்டுக்கு மேல கனம், மலை ஏத்தம் வேற. ஃபர்னஸோட ஃபேன் பேட்டரிலதான் ஓடணும், நான் போன வருஷம் லித்தியம் பேட்டரிக்கு மாறிட்டேன், அது குளிர்ல கரண்ட் குடுக்கும், ஆனா செல்சியஸ் பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்திக்காது. பேட்டரி பெட்டி இருக்கிறது வெளில, வண்டி மூக்குல. அதை உள்ள கொண்டு வர்றதுக்கு எங்க ஓட்டை போடறதுன்னு அப்பாவுக்கு படம் போட்டு அனுப்பியிருக்கேன், அவரு ரெண்டு நாளா அளவு கேட்டுகிட்டு இருக்காரு.